துருக்கித் தொப்பி

துருக்கியில் பேர்பெற்ற கால்பந்து ஆட்டக்காரராக இருந்து மேனேஜரான ஓர்ஹான், இடைவேளையில் யாங்கோன் தாமுவே அணியைப் பார்த்துக் கத்தினார்.

“இடது பக்கமாவே ஏறி அடிக்கணுமாம்,” என்று பர்மிய மொழியில் சொன்னார் துருக்கித் தொப்பி போட்ட மொழிபெயர்ப்பாளர் பர்கத்துல்லா.

ஐந்தாவது ஆட்டத்திலும் வெற்றி!

மறுநாள் அணியின் முதலாளி ஊ டின் லே கடிதம் ஒன்றை நீட்டினார். விமான நிலையத்தில் யாரையோ பிடித்து ஓர்ஹான் பர்மிய மொழியில் எழுதவைத்தது.

“ஊருக்குப் போயிட்டாரு. வந்த வாரமே வேலை வேணாம்னாராம். தினமும் அதைத்தான் கத்தினாராம். நீங்க ஏன் சொல்லலை?”

“எனக்குத் துருக்கி பாஷை தெரியாதுங்களே! இந்தத் தொப்பியைப் பார்த்து நீங்கதானே லுங்கிக் கடையிலேருந்து கூட்டிட்டு வந்தீங்க?” பர்கத்துல்லா தொப்பியைக் கழற்றினார்.

முதலாளி யோசித்தார். தொப்பியை வாங்கி பர்கத்துல்லாவின் தலையிலேயே திரும்ப வைத்தார்.

“சரி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு மேனேஜர் என்ன சொல்றாரு?”