துளை போட்ட காகிதம்

"இது என்ன நோரீன், நீதிபதிக்குக் கொடுக்கிற கட்டா, கல்யாண ஆல்பமா?"

பாரிஸ்டர் மிஸ் பிரெட்வெல் தாள்களைப் புரட்டிக்கொண்டே போனார். இங்கிலாந்தின் ஹல் நகரக் குடும்ப நீதிமன்றத்தின் தாழ்வாரம். மணி பத்து. பத்தரைக்கு விசாரணை.

நோரீன் காலி டீக் கோப்பையைக் கசக்கினாள். நடுவில் சொலிசிட்டர் எதற்கு, கோர்ட்டில் வாதாடுகிற பாரிஸ்டரையே நேரே வைத்துக்கொண்டால் விவாகரத்துச் செலவு பாதியாகும் என்று, அவளோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள் சொல்லியிருந்தாள். பாதியாகத்தான் ஆனது. ஆனால் சொலிசிட்டர் செய்கிற காகித வேலை மொத்தமும் இவள் தலையில் விழுந்தது.

வாழ்ந்த வரிசையிலேயே அடுக்கிவிட்டாள். மணச் சான்றிதழ், முதல் வீட்டு வாடகைச் சீட்டு, மகள் பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டு.

"பக்க எண் இல்ல, பட்டியல் இல்ல. காகிதம் சேர்க்கிறது உங்க பொறுப்புன்னு முதல் நாளே சொன்னேனே?"

"சொன்னீங்க. ராத்திரியெல்லாம் எண் போட்டேன். நடுவுல ரெண்டு நாப்பத்தேழு வந்திடுச்சு. அழிச்சுட்டேன்."

"சரி, வீட்டுக்குக் கூரை போட உங்க அம்மா பணம் கொடுத்தாங்களே, அதுக்கு ஆதாரம்?"

"அம்மா செத்துப் பதினாலு வருஷம் ஆச்சு. ஆதாரத்துக்கு நான் எங்க போவேன்?"

"அது இல்லாம வீட்டுல உங்களுக்குப் பெரிய பங்கு கேட்க முடியாது. பாதிப் பாதின்னா வீட்டை வித்துத்தான் ஆகணும். வேணும்னா இன்னொரு தேதி கேட்கலாம். நாலு மாசம் ஆகும்."

"இன்னொரு நாளைக்கு உங்களைக் கூப்பிட எனக்கு வசதியில்லை."

நோரீன் எழுந்தாள். ஜன்னல்வரை போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

எதிர் பெஞ்சில் அவள் கணவர் க்ளைவ் தனியாக உட்கார்ந்திருந்தார். கூட வக்கீல் யாரும் இல்லை. மடியில் ஒரு தடித்த கட்டு; ஓரமெல்லாம் கலர் கலராக அடையாளச் சீட்டு.

"கட்டுன்னா அது கட்டு" என்றார் மிஸ் பிரெட்வெல்.

"அந்த ஆளா? டீத்தூள் வாங்கின ரசீதுக்கும் துளை போட்டு ஃபைல் பண்ணுவான். என்கிட்ட நாலு வார்த்தை பேசணும்னா மட்டும் நேரம் இருக்காது. முப்பத்தோரு வருஷம் அந்தப் பஞ்சிங் மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே வாழ்ந்தேன். அம்மா பணம் கொடுத்தாங்கன்னு ஒத்துக்குவான்னா நினைக்கிறீங்க? என்னைத் தெருவுல நிறுத்தத்தான் அவ்வளவு காகிதம்."

க்ளைவ் எழுந்து அவர்களை நோக்கி வந்தார்.

"வர்றான் பாருங்க, என் கட்டுல நொட்டை சொல்ல."

அவர் நோரீனைப் பார்க்கவில்லை. கட்டை மிஸ் பிரெட்வெல்லிடம் நீட்டினார்.

"இது உங்களுக்கு. என்கிட்ட இன்னொரு பிரதி இருக்கு."

"எனக்கு எதிரா அடுக்கினதை எங்களுக்கே காட்டுறியா?" என்றாள் நோரீன். "என்னை வீட்டை விட்டு அனுப்புறதைக்கூட என்ன சுத்தமா செய்றே."

"துளை நேரா இல்லேன்னா தாள் கிழிஞ்சிடும் நோரீன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

மிஸ் பிரெட்வெல் கட்டைத் திறந்தார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். பிறகு வேகவேகமாகப் புரட்டினார்.

"நோரீன், இதெல்லாம் உங்க சம்பளச் சீட்டு. இருபத்திரண்டு வருஷத்துது."

"என்னுதா? நான் அப்பப்பவே கிழிச்சுப் போட்டுடுவேனே."

"ஒட்டி வெச்சிருக்கார்."

எண்பத்தாறாம் பக்கத்தில் அடையாளச் சீட்டு இருந்தது. கூரை வேலைக்காரர் கொடுத்த ரசீது, மழையில் நனைந்து காய்ந்த தாள். கீழே மங்கிய பென்சிலில் க்ளைவின் கையெழுத்து, அன்றைய தேதியோடு: 'முழுப் பணமும் நோரீனின் அம்மா கொடுத்தது.'

நோரீன் அதைப் படித்தாள். திரும்பவும் படித்தாள். மழைக்காலத்தில் அந்தக் கூரையின் கீழே உட்கார்ந்து இரண்டு பேரும் பேசாமல் இருந்த மாலைகள் எத்தனை என்று அவளால் எண்ண முடியவில்லை.

"டாஸ்கர் தம்பதி வழக்கு. ரெண்டு பேரும் உள்ளே வாங்க" என்றார் நீதிமன்றப் பணியாளர்.

க்ளைவ் எழுந்து கதவருகே போய், நோரீன் முதலில் நுழையட்டும் என்று ஒதுங்கி நின்றார்.

"உங்க காகிதம் எங்க சார்?" என்று பணியாளர் கேட்டார்.

"கொடுத்தாச்சு" என்றார் க்ளைவ்.

அவர் கையில் ஈரக் குடையைத் தவிர வேறொன்றும் இல்லை.