காணாமல் போகும் ஓரக் கோடு

"இனிமே உன்கிட்ட எதையும் கேக்கவே மாட்டேன்!"

"கேக்காதே. நான் நிம்மதியா இருப்பேன்."

ஆறு மாதத்துக்கு முன் ஹேமிஷுடன் போட்ட அந்தச் சண்டையை மெரின் மறக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில் ஒரு படகு நிறுவனம். மாடியில் உட்கார்ந்து படகுகளை அனுப்புகிறவன் அவன். அதற்கான கம்ப்யூட்டர் ப்ரோக்ராமைக் கீழே எழுதுகிறவள் அவள். சண்டைக்குப் பின் அவனிடமிருந்து வந்ததெல்லாம் புகார்தான்: 'திரையில் ப்ரோக்ராம் ஜன்னலைச் சுற்றி ஓரக் கோடு காணோம். ஜன்னலைப் பிடித்து நகர்த்த முடியவில்லை.' அவளும் மாடியேறிச் சரிசெய்வாள். சில வாரத்தில் கோடு மறுபடி மறைந்துவிடும்.

"இது ஏழாவது புகார், மெரின்," என்றாள் மேலாளர் க்ளெண்டா. "ஒரு கோட்டை நிக்க வைக்க முடியலையா? இன்னிக்குள்ள காரணம் சொல்லு. இல்லைன்னா வேற ஆளைப் பாத்துக்குறேன்."

மெரின் வரி வரியாகத் தேடினாள். தப்பே இல்லை. கடைசியில், புகாரோடு தானாகவே வந்து சேரும் பதிவுக் கோப்பைத் திறந்தாள்.

10.02: ஓரக் கோட்டை நீக்கியவர், ஹேமிஷ்.
10.03: புகார், ஹேமிஷ்.

அப்பாடா! வேலை தப்பியது. மாடிக்கு ஓடினாள்.

"நீயே எடுத்துட்டு நீயே புகாரும் குடுக்கறியா? என் வேலையே போயிருக்கும்டா!"

அவன் முகம் சிவந்தது. "கோடு போனாத்தானே நீ மேல வர்றே?"

அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அவன் கல்யாண மோதிரத்தைத் திருகினான். அதன் ஜோடி இன்னும் அவள் விரலில்தான் இருந்தது.

"உன் அக்கா வீட்டுல இருந்தது போதும், மெரின். நம்ம வீட்டுக்கு வந்துடேன்."