வாசலோடு நின்ற கண்ணகி

வடக்கனந்தலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பூமாலைக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. மகள் அமிர்தத்தைக் கையோடு தியாகதுருகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தாள்.

காரணம், மகளின் பக்கத்து வீட்டு மீனா போனில் சொன்ன சேதி. நிமோனியா வந்து பிழைத்துக் கிடக்கிறாள் அமிர்தம். அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி கண்ணகி எதிர் வீட்டில்தான் இருக்கிறாள். ஆனால் ஒரு வாரமாக உள்ளே கால் வைக்கவில்லையாம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கேட்டுக்கு வெளியிலேயே நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறாளாம். தொத்து வியாதிக்காரியைப் போல நடத்துகிறாள் என்று தெருவே பேசுகிறதாம்.

மீனா கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னாள். தெரியாததைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

பூமாலை போனபோதும் கண்ணகி கேட்டுக்கு வெளியேதான் நின்றிருந்தாள். வாயில் முந்தானை. வாங்க என்று சொல்வதற்கு முன்பே பூமாலையின் பையை எட்டிப் பார்த்தாள். பிரெட், ரஸ்க், இரண்டு பாக்கெட் பிஸ்கட். உடம்பு முடியாதவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் வேறு என்ன வாங்குவார்கள்?

"இத உள்ள எடுத்துக்கினு போவாதீங்கம்மா" என்று பையை வாங்கிக்கொண்டாள் கண்ணகி.

பூமாலைக்கு வந்ததே கோபம்.

"எம்பொண்ணுக்கு வாங்கியாந்தத புடுங்கிக்க நீ யாரு? உள்ள வந்து ஒரு டம்ளர் சுடுதண்ணி குடுக்க மனசு வரல. பைய வாங்க மட்டும் கை நீளுதா?"

கண்ணகி பையைத் திருப்பித் தரவில்லை.

உள்ளே அமிர்தம் கட்டிலில் உட்கார்ந்து சாமைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். எலும்பும் தோலுமாய் இருந்தாள்.

"துணிமணிய எடுத்து வை. இங்க உன்ன மனுஷியாவே மதிக்கல" என்றாள். தெரு பேசுவதை எல்லாம் ஒப்பித்தாள். பறிபோன பையையும் விடவில்லை.

அமிர்தத்தின் கண் கலங்கியது. மகள் அவமானத்தில் அழுகிறாள் என்று நினைத்தாள் பூமாலை.

"நீ பயந்துக்குவன்னுதான் சொல்லலம்மா" என்று ஆரம்பித்தாள் மகள்.

அவளுக்கு இருப்பது சீலியாக் என்று ஒரு நோயாம். கோதுமையில் இருக்கும் ஏதோ ஒரு புரதம் அவள் குடலுக்கு ஆகாது. எட்டு வருஷமாக வயிற்றுப்போக்கும் ரத்தசோகையும் அதனால்தான். தெம்பு வரட்டும் என்று ஆளாளுக்கு ஆசையாகக் கொடுத்த சப்பாத்தியும் ரவைக் கஞ்சியும் பிரெட்டும்தான் அவளைத் தின்றிருக்கின்றன. நோய் குடலோடு நிற்காமல் மண்ணீரலையும் சுருக்கிவிட்டது. ரத்தத்தில் நுழையும் கிருமிகளைப் பிடித்து அழிப்பது அந்த மண்ணீரல்தான். மற்றவர்களுக்குச் சும்மா வந்து போகிற காய்ச்சல் இவளுக்கு ஒரே நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். போன மாதம் நிமோனியா அப்படித்தான் முற்றியது.

"அன்னிக்கு உன் மருமவன் மாத்திரய போட்டுக்கினு படுன்னாரு. கண்ணகிதான் கேக்காம ஆட்டோ புடிச்சி கள்ளக்குறிச்சிக்கு இட்டுக்கினு போனா. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா நான் இல்லம்மா."

அதற்குப் பிறகும் கண்ணகி விடவில்லை. டாக்டர் சொன்ன தடுப்பூசிகளைக் கூடவே இருந்து போட வைத்தாள். மில்லில் அரைத்தால் முன்னால் அரைத்தவர்களின் கோதுமை மாவு ஒட்டிவிடும் என்று அரிசியைக் கையாலேயே வீட்டுத் திருகைக் கல்லில் அரைத்தாள். கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதை நிறுத்தினாள். சாமை, தினை எல்லாம் கல்வராயன் மலையிலிருந்து புருஷனை விட்டு வாங்கி வரச் சொல்லி, கல் பொறுக்கி வைத்தாள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பில் சமைத்ததால், அவள் பிள்ளைகள் பரோட்டாவைக் கண்ணால் பார்த்து ஒரு மாதம் ஆகிறது.

பூமாலைக்கு இன்னும் ஒன்று மட்டும் புரியவில்லை.

"அப்புறம் ஏண்டி வாசலோட நிக்கறா?"

"போன வாரம் அவ பொண்ணுக்கு சளி, காய்ச்சல். இப்போ அவளுக்கும். உன் மருமவன் சமைக்கறாரு, அவ வெளிய நின்னு சொல்லித் தரா. எங்கிட்டேர்ந்து அவளுக்கு ஒட்டிக்கும்னு நிக்கலம்மா. அவகிட்டேர்ந்து எனக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னு நிக்கறா."

பூமாலை எழுந்து வெளியே போனாள்.

கண்ணகி அங்கேயேதான் நின்றிருந்தாள். பூமாலை நெருங்கியதும் பதறிப் பின்னால் நகர்ந்தாள்.

"கிட்ட வராதீங்கம்மா, எனக்குக் காய்ச்சல். நீங்க திரும்ப அக்காகிட்ட போவணும்."

"போவல" என்றாள் பூமாலை, கொதிக்கும் அவள் நெற்றியில் கை வைத்து. "அவள பாத்துக்க நீ இருக்க. உன்ன பாத்துக்க யாரு இருக்கா? நட, உன் வூட்டுக்கு."