சிவப்புத் துண்டு

“அண்ணாச்சி, இன்னைக்குத் துண்டு எங்க?”

பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் சுந்தரராஜ் கேட்டான். தோளில் சிவப்புத் துண்டு இல்லாமல் சொரிமுத்துவை அவன் பார்த்ததே இல்லை.

“வீட்டுல கிடக்கு. நீ உன் சோலியப் பாருல.”

போன மார்கழி வெள்ளத்தில் மாப்பிள்ளையூரணியில் அவர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, சொரிமுத்து பழைய துறைமுகத்தில் தோணியோடு மாட்டிக்கொண்டார். பேத்தி பொன்செல்வியின் தாயும் தகப்பனும் திருப்பூர் பனியன் கம்பெனியில். அவள் மட்டும் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் விடிய விடியத் தாத்தாவைத் தேடி அழுதுகொண்டு கிடந்தாள்.

அன்று பிடித்த பயம். தாத்தா கண்ணில் படாவிட்டால் மூச்சு முட்டும், வயிறு வலிக்கும், கை கால் உதறும். பள்ளிக்கூடமே வேண்டாம் என்றாள். சொரிமுத்து தோணி வேலையை விட்டார். காலையில் மணி அடித்ததிலிருந்து பள்ளி விடும்வரை டீக்கடை வேப்பமரத்தடியில் நின்றார். மாடி ஜன்னலில் அவள் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் துண்டைத் தூக்கி ஆட்டினார். பாறை கிடக்கும் கரைக்குத் தோணி வரும்போது முன்னால் நிற்பவன் துணியை ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் சுக்கான் பிடிப்பவனுக்குத் தைரியம். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

இன்று பொன்செல்வி பள்ளி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

“தாத்தா, நிசமாவே போயிருவியா?”

“போயிருவேன். உனக்குப் பயமாத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். ஆனா நீ தாங்கிக்கிடுவ.”

பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பத் திரும்ப ஜன்னலைப் பார்த்தது என்னவோ அவர்தான்.

“எல்லாம் அந்த ஆராய்ச்சி டாக்டரம்மா சொல்லிக் குடுத்ததா?” என்றான் சுந்தரராஜ். “பச்சப் பிள்ளையள எலி மாதிரி வச்சுப் பாப்பாங்கன்னு நான் அன்னைக்கே சொன்னேன்.”

“நான் மட்டும் உடனே நம்பிட்டேனாக்கும். ரத்தம் எடுப்பியளா, ஊசி போடுவியளா, எவனுக்காச்சும் விப்பியளான்னு வாசல்ல நின்னே கேட்டேன். ஒண்ணும் கிடையாது, வெறும் பேச்சுதான்னா. இப்படிப் பயந்த பிள்ளையளுக்கு எந்த வழி நல்லா கேக்குதுன்னு பாக்காங்களாம். பாதிப் பேருக்கு ஒரு வழி, மீதிப் பேருக்கு வேற வழி. சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. நமக்கு ஒண்ணு விழுந்துச்சு.”

“பேசினா பயம் போயிருமா? நாள் பூரா நானும்தான் பேசுதேன். எவனுக்கு என்ன சரியாச்சு?”

“உன் பேச்சுக்குப் பாலு திரியாம இருந்தா போதாதா.”

சுந்தரராஜ் சிரித்துக்கொண்டே டீயை நீட்டினான்.

“மொத நாளே அந்தம்மா, துண்டைத் தூக்காதீங்கன்னா. நல்லா ஏசிட்டு வந்துட்டேன்” என்றார் சொரிமுத்து. “பொறவு யோசிச்சேன். பாறை கிடக்க இடத்துலதானல தோணிக்குத் துணி ஆட்டுவோம்? நான் ஆட்ட ஆட்ட, இந்தப் பிள்ளை அங்கன பாறை கிடக்குன்னுல்லா நினைச்சிருக்கு.”

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விலகினார். ஒரு வாரம் துண்டைத் தூக்காமல் நின்றார். அடுத்த வாரம் ஜன்னலுக்குத் தெரியாத பெஞ்சில் உட்கார்ந்தார். பொன்செல்வி அழுதாள், சண்டை போட்டாள், சாப்பிடாமல் படுத்தாள். ஒருநாள் அழவில்லை. இன்றைக்குத்தான் முதல்முறையாக மரத்தடியை விட்டே போகப்போகிறார்.

“மத்தியானத்துக்குள்ள மூச்சு முட்டுதுன்னு போன் வந்துட்டா?”

“வந்தா மறுபடியும் இந்த மரத்தடிதான். தோணியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது.”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறினார்.

டாக்டர் சரண்யாதேவியின் அறையில் மின்விசிறி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. சொரிமுத்து தன் பழைய போனை மேசையில் வைத்து, அது ஏதோ கடிக்கப்போவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவைத்ததுபோல் அது அடித்தது.

“எடுங்க ஐயா. ஆனா ஓடாதீங்க” என்றார் டாக்டர்.

எழுந்து ஓடப் பார்த்த கால்களை நாற்காலிக்கடியில் பின்னிக்கொண்டு போனை எடுத்தார்.

“அண்ணாச்சி, நான் சுந்தரராஜ். இன்டர்வெல் விட்டாச்சு. உங்க பேத்தி ஜன்னல்ல எட்டிப் பாத்தா.”

“பாத்து?”

“மரத்தடியப் பாத்தா. கொஞ்ச நேரம் பாத்துட்டே நின்னா. நானும் டீ ஆத்துறத விட்டுட்டுப் பாத்தேன்.”

“மேல சொல்லுல.”

“பொறவு பக்கத்துல நின்ன பிள்ளையோட சடையப் புடிச்சு இழுத்துட்டு, சிரிச்சுட்டே ஓடிட்டா. அம்புட்டுதான். நீங்க வச்சிட்டுப் போன மிச்ச டீய நானே குடிச்சுட்டேன்.”

சொரிமுத்துவின் கை தோளுக்குப் போனது. துண்டு இல்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நாளைக்குத் தோணிக்குப் போலாம்லா, டாக்டரம்மா?”

“தாராளமா போங்க. நீங்க இங்க வர வேண்டியது இன்னைக்கோட முடியுது” என்று சிரித்தார் டாக்டர். “ஒருநாள் பொன்செல்வியைக் கூட்டிட்டு வாங்களேன் ஐயா. இத்தனை மாசமா அவளைப் பத்தியே பேசுறோம், அந்தப் பிள்ளை முகத்தை நான் இன்னும் பார்த்ததே இல்ல.”

“அவ எதுக்கு இங்கன வரணும்?” சொரிமுத்து எழுந்து செருப்பை மாட்டினார். “நமக்கு விழுந்த சீட்டுல, நீங்க வைத்தியம் பாத்தது எனக்குல்லா.”