பழைய தண்ணீர்

தட்டில்தான் ஊற்ற வேண்டும்.

நேராக ஊற்றினால் மீன்தொட்டியின் அடிமண் கிளம்பிவிடும். நட்ட செடியெல்லாம் பிடுங்கிக்கொண்டு மிதக்கும். மண்மேல் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் மெதுவாக ஊற்றச் சொல்லியிருந்தாள் மாடி வீட்டுப் பெண்.

அவர் சமையலறைக்குப் போய்க் கைக்குக் கிடைத்த தட்டை எடுத்துவந்தார். தொட்டிக்குள் இறக்கிய பிறகுதான் விளிம்பில் வெட்டியிருந்த பெயரைப் பார்த்தார்.

தேன்மொழி.

மனைவி போனதிலிருந்து அதில் யாரும் சாப்பிடவில்லை.

இருக்கட்டும் என்று ஊற்ற ஆரம்பித்தார்.

மாடி வீட்டுப் பெண்ணுக்கு பேங்கில் வேலை. ஓசூருக்கு மாற்றல் வந்துவிட்டது. செடியும் மீனுமாகத் தொட்டியை அவ்வளவு தூரம் கொண்டுபோக முடியாது என்று படிக்கட்டில் நின்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாருங்கள் என்று அவர் கேட்டுவிட்டார். மீன் வளர்க்கும் ஆசை அவருக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சாயங்காலம் கதவைத் திறந்தால் உள்ளே ஏதாவது ஒன்று அசைய வேண்டும், அவ்வளவுதான். மின்விசிறிகூட அவர் போட்டால்தான் சுற்றுகிறது.

தொட்டியின் பழைய தண்ணீரையே இரண்டு கேன் நிறையக் கொடுத்திருந்தாள். வடிகட்டியில் இருக்கும் ஸ்பாஞ்சைத் தனியாக ஒரு குவளையில், அதே தண்ணீரில் மூழ்கப் போட்டுக் கொடுத்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. காப்பிச் சக்கை நிறம். குளத்துச் சேற்று வாடை.

"சார், இத மட்டும் பைப்புல கழுவிராதீங்க. புதுத் தண்ணியில அலசுனா அவ்வளவுதான், ஒரு மீனும் தங்காது. இந்த அழுக்குலதான் எல்லாம் உயிரோட இருக்கு."

அவர் குவளையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அழுக்கில் உயிர் இருக்கும் என்பது அவருக்குப் புதிய செய்தி இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவருடைய தங்கை கோமதி வீட்டையே கழுவினாள். கோமதிக்கு அன்பு வந்துவிட்டால் கை ஈரமாகிவிடும். தரை, ஜன்னல் கம்பி, போர்வை, தேன்மொழியின் சேலைகள், துண்டு, தலையணை உறை. எல்லாவற்றையும் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, வெள்ளைத் துணிக்குச் சொட்டு நீலம் போட்டு மொட்டைமாடியில் உலர்த்தினாள். சீப்பைக்கூட விடவில்லை. அண்ணன் இனிமேல் ஒற்றை ஆள், வீடாவது சுத்தமாக இருக்கட்டும் என்று அழுதுகொண்டேதான் செய்தாள்.

அன்று அவர் தேன்மொழியின் தலையணையில் முகத்தை வைத்தார்.

சோப்பு வாசனை.

எழுந்து பீரோவைத் திறந்தார். மடிப்பு மடிப்பாக அதே சோப்பு. கதவுக்குப் பின்னால் தொங்கிய துண்டை எடுத்து முகர்ந்தார். அதுவும்.

வீடு முழுக்கத் தேடினார். அவள் வாசனை ஒரு துணியில்கூட மிச்சமில்லை.

யாரிடம் சொல்வது? அழுக்காகவே விட்டிருக்கலாம் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் பயப்படுவார்கள். கோமதியிடம், "வீடு நல்லா இருக்கும்மா" என்றார்.

முக்கால் தொட்டி நிறைந்துவிட்டது. மீதிக்கு நேற்றே வாளியில் பிடித்துவைத்த தண்ணீரை விட்டார். தட்டை மெல்ல வெளியே எடுத்தார். அதன் அடியில் ஒரு பச்சை இலை ஒட்டிக்கொண்டு வந்தது. செடிகள் நின்றன. ஒன்று மட்டும் சாய்ந்து, யோசித்து, நிமிர்ந்தது.

மீன்கள் இருந்த பிளாஸ்டிக் பை கட்டியபடி தண்ணீர்மேல் மிதந்தது. சூடு பழகும்வரை திறக்கக் கூடாதாம். ஒரு மீன் பையின் ஓரத்துக்கு வந்து அவரைப் பார்த்தது. பார்த்தது என்று அவர் வைத்துக்கொண்டார்.

"இதோ, ஆச்சு" என்றார் அதனிடம்.

தன் குரலே அவருக்குப் புதிதாக இருந்தது.

கோமதி குழம்புத் தூக்கோடு வந்தாள். ஞாயிறுதோறும் வருவாள்.

"என்னண்ணே, வீடே பாசி நாத்தம் நாறுது?"

அவர் பிளக்கைச் செருக மேஜைக்கு அடியில் குனிந்திருந்தார். பதில் சொல்லி நிமிர்வதற்குள் அவள் குவளைக்குள் எட்டிப் பார்த்துவிட்டாள். பார்த்தால் போதாதா அவளுக்கு. குவளையோடு சமையலறைக்குப் போனாள்.

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"கோமதி, கழுவாத! அதையாவது விட்டுவை!"

தங்கையிடம் அவர் அப்படிக் கத்தியதே இல்லை. மேஜையில் தலை இடித்ததுகூடத் தெரியாமல் ஓடினார்.

குழாய் நின்றிருந்தது. அவள் உள்ளங்கையில் ஸ்பாஞ்ச் இருந்தது. குழாய்த் தண்ணீர் அதில் பட்டிருக்கவில்லை. அவள் விரலிடுக்கில் பழுப்பாகக் கசிந்து சொட்டியது.

"மீனு... மீனு செத்துரும்" என்றவர் அழுதுவிட்டார்.

மீனுக்காக யாராவது இப்படி அழுவார்களா?

கோமதி அவரையே பார்த்தாள். பிறகு அவர் தோளுக்குப் பின்னால், திறந்திருந்த அறைக்குள் பார்த்தாள். கட்டிலில் இரண்டு தலையணைகள் இருந்தன. நீலம் போட்டு அவள் வெளுத்த உறைகள்.

அங்கேயே வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லாண்ணே."

ஸ்பாஞ்சை அவளே ஏந்திக்கொண்டு வந்தாள். அவர் வாங்கி வடிகட்டியில் வைத்து சுவிட்சைப் போட்டார். தண்ணீர் அசைந்தது. பையின் கட்டை அவிழ்த்துவிட்டார். மீன்கள் தயங்கித் தயங்கி வெளியே வந்து செடிகளுக்குள் போய் ஒளிந்துகொண்டன.

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். மீன்கள் மறுபடி வெளியே வரட்டும் என்று காத்திருந்தார்கள். குழம்பு ஆறியது.

கோமதி கை கழுவ எழுந்திருக்கவில்லை. பழுப்பு காய்ந்த உள்ளங்கையை மடியில் விரித்தே வைத்திருந்தாள்.