கீறல் விழுந்த பரிசு

“மகளிர் தினத்துக்குப் பெண்டாட்டிக்கு எவனாவது ஓட்டை போனைக் கொடுப்பானாடி?”

குல்சாத் கேட்டதும் அலுவலகமே சிரித்தது. வாயில் கேக் இருந்தாலும் அவளுக்குப் பேச்சு நிற்காது.

மார்ச் எட்டு விடுமுறை. அதனால் பிஷ்கெக் நகரத்தின் மற்ற அலுவலகங்களைப் போல அங்கேயும் முந்தின நாளே கொண்டாட்டம். மேஜைக்கு மேஜை டூலிப் பூக்கள். குல்சாத் கழுத்தில் புருஷன் போட்ட புதுச் சங்கிலி. பெகிமாய் கையில் மட்டும், காலையில் அவள் புருஷன் மக்சாத் வாசலோடு கொடுத்துவிட்டுப் போன பழைய போன். உள்ளங்கையளவுதான். திரையில் கீறல் வேறு.

“போன மாசம் தனக்கு மட்டும் பலகை மாதிரி பெரிய போன் வாங்கிக்கிட்டார்ல? உனக்குன்னா குப்பையா?”

பெகிமாய் தான் வடிவமைத்த ஆஸ்பத்திரி செயலியை அந்த போனில் திறந்தாள். அடுத்த நொடி துள்ளிக் குதித்தாள்.

“காணோம்! பொத்தானைக் காணோம்!”

“அதுக்கு எதுக்குடி இவ்வளவு சந்தோஷம்?”

“நீங்களே பாருங்கக்கா. டாக்டர்கிட்ட நேரம் கேக்குற பொத்தான் இதுல வரவே இல்ல!”

ஒரு மாதமாக அவள் தூக்கத்தைக் கெடுத்த பொத்தான் அது. நரின் மலைப்பக்கம் ஒரு தையற்காரம்மா, அது தன் போனில் தெரியவே இல்லை என்று புகார் எழுதியிருந்தார். அலுவலகத்துப் போன்கள் எல்லாவற்றிலும் அது ஒழுங்காகத் தெரிந்தது. அந்த அம்மா வைத்திருந்த ரகமோ இப்போது எந்தக் கடையிலும் இல்லை. திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். அந்த அம்மாவின் ஊர்ப்பெயரைச் சொல்லிப் பெகிமாய் வீட்டில் புலம்பாத நாளில்லை.

“அந்த அம்மா வெச்சிருக்கிற அதே ரகம்க்கா இது! இதுல எழுத்தைப் பெருசாக்கி வெச்சிருக்காங்க. குட்டித் திரையில அது பொத்தானைக் கீழே தள்ளிடுச்சு. எனக்கு இது தோணவே இல்லையே!”

சாயங்காலத்துக்குள் பொத்தான் மேலே ஏறி உட்கார்ந்தது. முதலாளியே வந்து பார்த்துவிட்டு இன்னொரு துண்டு கேக் கொடுத்தார். பெகிமாய்க்கு அழுகையே வந்துவிட்டது.

குல்சாத் விடுவதாக இல்லை. “வேலைக்கு உதவிச்சு, சரி. ஆனாலும் பரிசுன்னா கொஞ்சமாவது தாராளம் வேணும்.”

அழைத்துப்போக மக்சாத் வந்தான். சரக்கு வேனைக் கீழே நிறுத்திவிட்டு மேலே வந்தவன், மணி பார்க்கப் பையிலிருந்து எதையோ எடுத்தான். பேச மட்டுமே உதவும் கட்டைப் போன்.

“உங்க பெரிய போன் எங்க?” பெகிமாய் திகைத்தாள்.

“நரினுக்குச் சரக்கு ஏத்திட்டுப் போனப்போ அந்தத் தையற்காரம்மா வீட்டைத் தேடிப் போனேன். போனை விலைக்குக் கேட்டா, ‘காசை வெச்சுக்கிட்டு எதுல பேசுறது’ன்னாங்க. நியாயம்தானே? என்னோடதைக் கொடுத்துட்டு அதை வாங்கிட்டு வந்தேன்.”

குல்சாத்தின் பேச்சு அன்றைக்கு முதல்முறையாக நின்றது.

“அப்போ நீங்க இதையா வெச்சுக்கப் போறீங்க?” என்றாள் பெகிமாய்.

“எனக்கென்ன குறைச்சல்? உன் குரல் இதுலயும் நல்லாத்தான் கேக்குது.”