முதல் ஆள்

மனைவி போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம், சுவரோடு எத்தனை நாள்தான் பேசுவது என்று தையல்காரர் வானியல் மன்றத்தில் சேர்ந்தார். சனிக்கிழமை இருட்டியதும் மொட்டைமாடியில் தொலைநோக்கி வைப்பார்கள். அவரவர் கண்ணுக்கு ஏற்றபடி திருகைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

வரிசையில் முதலில் நின்ற அவருக்கு எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது.

“முன்னாடி பாத்தவங்களுக்குக் கண்ணு ரொம்ப மோசமோ?”

“நீங்கதான் சார் முதல் ஆள். இப்பதான் சரிபண்ணி வச்சேன்,” என்றார் செயலாளர்.

அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாம் வாரம் அவர் திருகைத் தொடவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த மனைவியின் சோடாபுட்டிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். சனிக்கோளின் வளையம் கத்தரித்து வைத்தாற்போல் தெரிந்தது.

நான்காம் வாரம், தொலைநோக்கிக்கும் தனக்கும் நடுவே ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நின்றார்.